நாக்கம்மா கண்ட கசப்பு

குடிநீர் நிலையத்தில் தண்ணீரைச் சோதிக்கக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. கலங்கலை அளக்க ஒன்று, உப்பை அளக்க ஒன்று, இரும்பை அளக்க ஒன்று என்று ஆய்வறை முழுக்க விளக்கு மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆனால் கடைசி வார்த்தை நாக்கம்மாவுடையது. அவள் ஒரு மடக்கை வாயில் வாங்கி, உருட்டி, துப்பிவிட்டு, "ம்" என்று தலையாட்டினால்தான் தண்ணீர் ஊருக்குள் போகும்.

நாக்கம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. ஒரு காலத்தில் அவளும் குடுவை கழுவி, மாதிரி எடுத்துக்கொண்டிருந்த சாதாரண ஆய்வக உதவியாளர்தான். ஒருநாள் தண்ணீரில் ரப்பர் வாடை அடிக்கிறது என்றாள். கருவிகளெல்லாம் ஒன்றுமில்லை என்றன. மனிதர்கள் சிரித்தார்கள். பிறகு வடிகட்டித் தொட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு ரப்பர் வளையம் நைந்து கூழாகிக் கிடந்தது. அன்று சிரித்த வாய்கள் மூடியதுதான், அப்புறம் அவள் விஷயத்தில் திறக்கவே இல்லை. கருவி ஒன்று சொல்லி நாக்கம்மா வேறு சொன்னால், கருவியைத்தான் பழுதுபார்க்க அனுப்பினார்கள். ஒரு மனுஷிக்கு இவ்வளவு மரியாதை உடம்புக்கு ஆகாது. அவளுக்கும் ஆகவில்லை.

அந்தச் சமயத்தில் மேட்டுத் தெருவுக்கென்று தோண்டிய புதுக் கிணற்றின் தண்ணீர், நாலு பேர் உட்கார்ந்து குடித்துப் பார்க்கும் சுவை மேசைக்கு வர இருந்தது. மேட்டுத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஏறியதே கிடையாது. அங்கே இருப்பவர்கள் கீழே இறங்கி வந்து, பொதுக் குழாயில் வரிசையில் நின்று பிடித்து, மூச்சு வாங்கப் படியேறித் தூக்கிக்கொண்டு போவார்கள். கிணற்றைத் தோண்டிய பொறியாளர் வேறு யாருமில்லை, நாக்கம்மாவின் கொழுந்தன். அண்ணனுக்கு ஒரே தம்பி. குடியிருப்பதும் மேட்டுத் தெருவில்தான். முதலில் பாறை குறுக்கே நின்றது, அப்புறம் மணல் சரிந்தது, மேலதிகாரிகள் உதட்டைப் பிதுக்கினார்கள். அவன் விடாக்கண்டனாக நின்று தோண்டினான். தண்ணீர் கண்ட அன்று சேற்றுப் பூட்ஸோடு அண்ணன் வீட்டுக்குள் ஓடி வந்து, துடைத்த தரையை எல்லாம் நாறடித்தான்.

"அண்ணி, நீங்கதான் முதல்ல வாய் வைக்கணும். நீங்க தலையாட்டிட்டா போதும், எனக்கு வேற சர்டிபிகேட் வேண்டாம்."

தரைக்காக அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

நேரம் பார்த்து அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. இருமினால் அடுத்த வீட்டு நாய் பதிலுக்குக் குரைத்தது. கணவர், வீட்டின் முன்னறையிலேயே தையல் இயந்திரம் போட்டு உட்கார்ந்திருக்கும் தையல்காரர், அவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா முதுகில் குழலை வைத்துக் கேட்டு, படம் எடுத்து, சளியைச் சோதித்துப் பார்த்து, பாக்டீரியாக் கிருமிதான் என்று உறுதி செய்துகொண்டு மாத்திரை எழுதினார்.

"கிளாரித்ரோமைசின். மேக்ரோலைடுன்னு ஒரு வகை, அதுல சேர்ந்தது. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இதயத்துல ஏதாவது கோளாறு, துடிப்பு தவறுறது, அந்த மாதிரி உண்டா?"

"இல்லீங்க."

"வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணும் இல்லீங்க."

அது பொய். ஆனால் பொய் என்று அவளுக்கே தெரியாத பொய். வருடக்கணக்காகத் தூங்கப் போகும் முன் ஒரு கொழுப்பு மாத்திரையை விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள். வேறு ஒரு டாக்டர் எப்போதோ எழுதிக்கொடுத்தது. பல் தேய்ப்பதை யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா? அவளும் சேர்க்கவில்லை. டாக்டரம்மா அதற்கப்புறமும் ஏதேதோ சொன்னார். அவளும் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். மனசு முழுக்கக் கிணற்றில் கிடந்தது.

சுவை மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. உட்காரும் முன் கெமிஸ்ட் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "யாருக்காவது உடம்பு சரியில்லையா? மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" அப்படி இருப்பவர்கள் அன்றைக்கு எழுந்து போய்விட வேண்டும். கெமிஸ்ட் அந்தக் காலையிலும் கேட்டார். மேசையில் இருந்தவர்கள் நான்கு பேர். தலைமைப் பொறியாளர், பம்பு ஆபரேட்டர், கணக்குப் பிரிவு அம்மா, நாக்கம்மா. மூன்று பேர் இல்லை என்றார்கள். நாக்கம்மா வரும் இருமலைத் தொண்டையிலேயே நெரித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, இல்லை என்று தலையாட்டினாள். அந்தச் சட்டமெல்லாம் சாதாரண நாக்குகளுக்கு. கொழுந்தன் கிணற்றுக்கு வேறொருத்தர் வாய் வைப்பதாவது.

கொழுந்தன் கதவோரம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான். அவள் மூடியை எடுத்து, மணம் பிடித்து, ஒரு மடக்கு வாங்கினாள். உருட்டினாள். முகம் சுருங்கியது. கசப்பு. சும்மா கசப்பு இல்லை, பழைய சாவியை வாயில் போட்டுக் குதப்பின மாதிரி இரும்புக் கசப்பு. துப்பினாள். இன்னொரு மடக்கு. அதே கசப்பு.

பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த பழைய குழாய்த் தண்ணீரையும் எடுத்தாள். அதுவும் கசந்தது. இங்கே வேறு யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். நாக்கம்மா யோசிக்கவில்லை. முன் குடித்ததன் கசப்பு வாயிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த கிளாஸையும் கெடுக்கிறது என்றால், அது எவ்வளவு பொல்லாத கசப்பாக இருக்க வேண்டும் என்றுதான் கணக்குப் போட்டாள்.

"இல்ல," என்றாள். "இது ஊருக்குப் போகக்கூடாது."

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. கதவோரம் பார்க்கவே தைரியம் வரவில்லை. பம்பு ஆபரேட்டர் தன் கிளாஸை எடுத்துக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். கணக்கம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தலைமைப் பொறியாளர் ஒரு வாய் குடித்து, "ஆமா, அடிநாக்குல பிடிக்குது," என்றார். கெமிஸ்ட் மட்டும் கருவிகளின் எண்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் சரியாத்தான் காட்டுது," என்று முனகினார். அவரை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

கிணற்றின் வாயைச் சிமெண்ட் வைத்து மூடிவிடுவது என்று முடிவாயிற்று. கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினார்கள். கொழுந்தன், "நீங்க சொன்னா சரிதான் அண்ணி," என்றுவிட்டுப் போனான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டுகிற வேலையை அவன் மனைவி வேறு விதமாகச் செய்தாள். ஓரகத்திகள் இருவரும் உடன்பிறந்தவர்கள் மாதிரி. ஒருநாள் பேசாமல் இருந்தால் இருவருக்கும் சோறு இறங்காது. இப்போது நாக்கம்மாவின் வாசல் வழியாகத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகிறவள், திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். படியில் குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

அதற்குப் பிறகு உலகமே கசக்க ஆரம்பித்தது. டீ கசந்தது. ரொட்டி கசந்தது. பற்பசை கசந்தது. நாக்கம்மாவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. டீயில் தண்ணீர் இருக்கிறது, ரொட்டி மாவைத் தண்ணீரில்தான் பிசைகிறார்கள், வாய் கொப்பளிப்பதும் தண்ணீரில்தான். புதுக் கிணற்றைச் சோதனைக்காக இறைத்தபோது அந்தத் தண்ணீர் எங்கேயோ ஒரு வால்வு வழியாக ஊர்க் குழாயில் கலந்துவிட்டது என்று முடிவு கட்டினாள். நிலையத்துக்குப் போய் அதையும் சொன்னாள். உடனே பம்பு ஆபரேட்டர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஊரில் உள்ள வால்வுகளை எல்லாம் திறந்து மூடித் திறந்து, தலை முதல் கால் வரை நனைந்து வீடு போய்ச் சேர்ந்தார்.

காலும் வலித்தது. தொடையும் கெண்டைக்காலும் அடித்துப் போட்ட மாதிரி கனத்தன. தொட்டிக்கு ஏறுகிற படிகள்தான் காரணம் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். எதற்கும் காரணம் வைத்திருப்பவர்களிடம் இதுதான் தொல்லை.

ஒரு சாயங்காலம் கணவர் முட்டை அவித்து உரித்துக் கொடுத்தார். கடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இதுவும் கசக்குது."

"முட்டைக்குள்ள தண்ணி எப்படிப் போச்சு?"

அவள் கடித்த முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கோழியும் நம்ம குழாய்த் தண்ணியைத்தான் குடிச்சிருக்கும் போல," என்றார் அவர், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

அவர் கிண்டலாகச் சொன்னார். அவள் யோசித்துப் பார்த்து, "இருக்கும்," என்றாள். கணவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். கட்டின நாளிலிருந்து மனைவியின் நாக்கை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர் அவர். சமையலில் உப்புக் குறைவு என்று அவள் சொன்னால், கையிலுள்ள டப்பாவைக் கவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். ஆனாலும் கோழி வரைக்கும் போன பிறகு ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான். எழுந்து போய்த் தேய்ப்புப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்து வந்தார். நீராவிப் பெட்டிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த நீர். இன்னும் மூடி திறக்காதது.

"இது நம்ம குழாய்த் தண்ணி இல்ல. கிணத்துத் தண்ணியும் இல்ல. எந்தக் கோழியும் இதுல வாய் வைக்கல. இதைப் பாரு."

காய்ச்சி வடித்த நீரைப் பற்றி நாக்கம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் உப்பு இல்லை, உலோகம் இல்லை, உப்புச் சப்பே இல்லை. வெறுமை என்றால் அதுதான். கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, வழக்கம்போல வாங்கி, உருட்டி, துப்பினாள்.

கசந்தது.

கிளாஸை மெதுவாக மேசையில் வைத்தாள். முகத்தில் ஈயாடவில்லை. கசப்பு தண்ணீரில் இல்லையென்றால் அது இருக்க ஒரே ஓர் இடம்தான் மிச்சம். அந்த இடத்தை நம்பித்தான் நாளைக் காலையில் கொத்தனார் சிமெண்டோடு வரப்போகிறார்.

"நீ இருமலுக்குச் சாப்பிடுற அந்த மாத்திரை..." என்று கணவர் மெல்ல ஆரம்பித்தார்.

"தெரியுது. வாங்க, டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்," என்று அவள் செருப்பைத் தேடினாள்.

டாக்டரம்மா கடைசி நோயாளியை அனுப்பிவிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"வாய் கசக்கும், இரும்பு மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம்னு அன்னிக்கே சொன்னேனே. நீங்களும் தலையாட்டினீங்களே."

"நான் எதுக்குத் தலையாட்டினேன்னு எனக்கே தெரியாதுங்க."

"இந்த மருந்துக்கு அது சகஜம். மருந்தே எச்சில்ல வந்துடும். அதனாலதான் எது சாப்பிட்டாலும் அதே ருசி. மருந்து முடிஞ்சு கொஞ்ச நாள்ல தானா சரியாயிடும்."

நாக்கம்மா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். இதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

"இருமல் நல்லாவே குறைஞ்சிடுச்சுங்க. காய்ச்சலும் இல்ல. இன்னிக்கு ராத்திரியோட நிறுத்திட்டா, காலையில நாக்கு வந்துடுமா?"

அவள் திட்டம் எளிமையானது. காலையில் கொத்தனார் வரும் முன் மேசையில் உட்கார்ந்து, "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாம்," என்று பெருந்தன்மையாகச் சொல்லி, ஒரு மடக்கு வாங்கி, தலையை ஆட்டிவிடலாம். கிணறும் பிழைக்கும், நாக்கின் பேரும் பிழைக்கும், யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம்.

"காலைக்குள்ள வராது," என்றார் டாக்டரம்மா. "அதோட, நடுவுல நிறுத்தினா மிச்சம் இருக்கற கிருமி திரும்பக் கிளம்பும். அப்போ இதே மருந்துக்கு அது மசியாமப் போகலாம். நிறுத்தணுமா, மாத்தணுமான்னு நான் சொல்லணும். நீங்களா முடிவு பண்ணக்கூடாது." நிறுத்தி, அவளை உற்றுப் பார்த்தார். "ஏன் காலைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கீங்க?"

"அது படியேறின வலி."

"டாக்டர்," என்றார் கணவர். "இவ தினமும் ராத்திரி ஒரு கொழுப்பு மாத்திரை போடுறா. அது கணக்குல உண்டா?"

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. மாத்திரையின் பெயரைக் கேட்டார். கணவர் சட்டைப் பையிலிருந்து அட்டையையே எடுத்து நீட்டினார். கிளம்பும்போது அலமாரியில் கண்ணில் பட்ட மாத்திரையை எல்லாம் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தார், துணி அளவெடுக்கிற மனிதருக்கு எல்லாவற்றிலும் ஒரு முன்ஜாக்கிரதை.

"இதைத்தானே நான் கேட்டேன். உங்க கொழுப்பு மாத்திரையை உடம்பு கரைச்சு வெளியே தள்ள ஈரல்ல ஒரு வழி இருக்கு. இந்த ஆன்டிபயாடிக் அந்த வழியை அடைச்சுக்கிட்டு உக்காந்துடும். அது வெளியே போக முடியாம ரத்தத்துல சேர்ந்துக்கிட்டே போகும். சேர்ந்தா தசையைப் பதம் பாக்கும். உங்க வலிக்குப் படி காரணம் இல்ல. சிறுநீர் கறுப்பா, டீ நிறத்துல போகுதா?"

"இல்லீங்க."

"நல்ல நேரத்துல வந்தீங்க. கொழுப்பு மாத்திரையை இன்னிக்கே நிறுத்துங்க. எப்போ திரும்ப ஆரம்பிக்கறதுன்னு நான் சொல்றேன். இப்பவே ரத்தம் எடுக்கறேன், தசை எவ்வளவு அடிபட்டிருக்குன்னு பாத்துட்டு ராத்திரி போன் பண்றேன். வலி அதிகமானாலோ, சிறுநீர் நிறம் மாறினாலோ, நெஞ்சு படபடத்தாலோ உடனே வாங்க. தண்ணி நிறையக் குடிங்க."

கடைசி வாக்கியத்தைக் கேட்டு அந்த நிலைமையிலும் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாக்கம்மா அவரை முறைத்தாள்.

டாக்டரம்மா சொன்னபடியே போன் செய்தார். ரத்தத்தில் கொஞ்சம் ஏறியிருக்கிறது, பயப்படும் அளவில்லை, ஆன்டிபயாடிக்கைத் தொடரலாம், மீண்டும் ஒரு முறை ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். நாக்கம்மா அன்றிரவு அந்த ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விழுங்கினாள். விழுங்கியாயிற்று என்றால் காலையில் பூசி மெழுக வழியில்லை, நாலு பேர் நடுவில் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். அதை நினைக்கத்தான் மாத்திரையைவிடக் கசந்தது.

காலையில் நிலையத்தின் வாசலில் கொத்தனார் சிமெண்டைக் குழைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் பொறுங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு, நாக்கம்மா எல்லோரையும் சுவை அறைக்கு அழைத்தாள். கொழுந்தனையும் கூப்பிட்டாள். அவன் பழையபடி கதவோரமே நின்றான்.

"கிணத்துல கசப்பு இல்ல," என்றாள். "என் வாயிலதான் கசப்பு. நான் நெஞ்சுச் சளிக்கு மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். அன்னிக்குக் கெமிஸ்ட் கேட்டப்போ மறைச்சுட்டேன். மருந்துக்கு வாய் கசக்கும்னு டாக்டர் சொன்னதையும் காதுல வாங்கல. தப்பு என்னோடது."

சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது. இனிமேல் கேலி பேசட்டும், நாக்கை அறுக்கட்டும், எது வந்தாலும் சரி என்று நின்றாள். வந்தது மட்டும் அவள் எதிர்பாராதது.

"இல்லக்கா," என்றார் பம்பு ஆபரேட்டர். "நானும் குடிச்சேன். கசந்துச்சு."

"எனக்குத் தொண்டை வரைக்கும் இறங்கிச்சு," என்றார் கணக்கம்மா. "அன்னிக்கு மத்தியானச் சாப்பாடே பிடிக்கல."

"எனக்கும் பிடிச்சுதே," என்றார் தலைமைப் பொறியாளர். "நாங்க யாரும் மருந்து சாப்பிடலையேம்மா."

பம்பு ஆபரேட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அக்கா, கொழுந்தனார் மேல உங்களுக்கு இருக்கற பாசம் எங்களுக்குப் புரியுது. அதுக்காக உங்க நாக்கையே குறை சொல்லிக்கணுமா?"

கதவோரம் கொழுந்தனின் காது சிவந்தது. அத்தனை வருஷமாக நாக்கம்மா சொன்னதை எல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள், அவள் முதல்முறையாகத் தன் நாக்கு தப்பு என்று சொல்லும்போது நம்ப மாட்டேன் என்கிறார்கள். அப்புறம்தான் அவளுக்குக் கோபம் வந்தது. வந்தது நல்ல கோபம், வேலை செய்கிற கோபம்.

"சரி. கசப்பு எல்லாருக்கும் தெரியுதுன்னா கண்டுபிடிச்சுக் காட்டுங்க. கெமிஸ்ட், உள்ள போய் மூணு கிளாஸ்ல தண்ணி பிடிச்சுட்டு வாங்க. எதுல என்ன இருக்குன்னு எனக்கும் சொல்லாதீங்க." கூடவே போய் அவர் காதில் ஏதோ சொன்னாள். கெமிஸ்ட் முதலில் விழித்தார். பிறகு அவர் முகத்தில் வெகுநாளைக்கப்புறம் ஒரு மலர்ச்சி வந்தது.

மூன்று கிளாஸ் வந்தன. புதுக் கிணற்றுத் தண்ணீரைத் தேடிப் பிடியுங்கள் என்றாள் நாக்கம்மா.

பம்பு ஆபரேட்டர் இடப்பக்கத்துக் கிளாஸில் வாய் வைத்ததுமே கண்ணை இறுக்கினார். "இதுதான். சந்தேகமே இல்ல." கணக்கம்மா நடுக் கிளாஸைத் தள்ளி வைத்து, "நாத்தமும் சேர்ந்து வருது," என்றார். தலைமைப் பொறியாளர் மூன்றையும் நிதானமாகக் குடித்து, அனுபவஸ்தர் தோரணையில் வலப்பக்கத்துக் கிளாஸைத் தட்டிக் காட்டினார். "மத்த ரெண்டும் நம்ம பழைய தண்ணி. இது அடிநாக்குல நிக்குது பாருங்க."

கெமிஸ்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூணும் ஒரே தண்ணி சார். தினமும் நீங்க டீ போட்டுக் குடிக்கற பழைய குழாய்த் தண்ணி. கிணத்துத் தண்ணி ஒரு சொட்டுக்கூட இல்ல."

அறையில் கொஞ்ச நேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதலில் சிரித்தவர் கணக்கம்மா. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பம்பு ஆபரேட்டர் அசடு வழிந்தார். தலைமைப் பொறியாளர் சுவரில் எதையோ பரிசோதித்தார்.

"நான் முகத்தைச் சுளிச்சதைத்தான் நீங்க எல்லாரும் குடிச்சிருக்கீங்க," என்றாள் நாக்கம்மா. "தண்ணியை யாருமே குடிக்கல. இப்போ நான் வெளியே போறேன். என் மூஞ்சி தெரியாத இடத்துல இருக்கேன். கெமிஸ்ட், இந்தத் தடவை ரெண்டு தண்ணியும் கலந்து வையுங்க."

கொத்தனாருக்குப் பக்கத்தில் போய்த் திண்டில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள். உள்ளே அவர்கள் குடித்தார்கள், துப்பினார்கள், இந்த முறை கஷ்டப்பட்டு யோசித்தார்கள். ஒருவராலும் எது எந்தத் தண்ணீர் என்று பிரிக்க முடியவில்லை. கடைசியில் எது பிடித்திருக்கிறது என்று கெமிஸ்ட் கேட்டபோது, தலைமைப் பொறியாளர் ஒரு கிளாஸைக் காட்டி, பூராவும் குடித்து முடித்துவிட்டார். அது கிணற்றுத் தண்ணீர். கெமிஸ்ட் கருவிகளின் எண்களை இன்னொரு முறை உரக்கப் படித்தார். இந்த முறை எல்லோரும் கேட்டார்கள்.

தலைமைப் பொறியாளர் வெளியே வந்து கொத்தனாரை அனுப்பினார். பிறகு நாக்கம்மாவிடம் வந்தார்.

"மருந்து முடிஞ்சு, நாக்கு நேரா ஆகற வரைக்கும் மேசைப் பக்கம் வரக்கூடாது. மறைச்சது பெரிய தப்பு."

"சரிங்க."

"அப்புறம், உடம்பு எப்படி இருக்கு?"

"கால்தான் கொஞ்சம் வலிக்குது. தேறிடும்."

கொழுந்தன் அவளுக்கு முன்னால் வந்து நின்றான். அடுத்த நொடி பூட்ஸ் காலோடு வால்வு அறையை நோக்கி ஓடினான். நடந்து போயிருந்தாலும் கிணறு எங்கேயும் போயிருக்காது. இருந்தாலும் ஓடினான்.

மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறிய அன்று நாக்கம்மா கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று மேலே போனாள். தெருவில் எல்லா வீட்டுக் குழாய்களும் காற்றை உமிழ்ந்து, இருமி, செம்மண் நிறத்தில் கொஞ்சம் கக்கி, அப்புறம் தெளிந்து ஓடத் தொடங்கியிருந்தன. ஜனங்கள் மூடவே மனசில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓரகத்தியின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவள் சமையலறைக் குழாயின் கீழ் கையை வைத்தபடி, திரும்பாமல் நின்றுகொண்டிருந்தாள். வந்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அந்த முதுகுக்கே கோபம் இருந்தது.

நாக்கம்மா பக்கத்தில் போய் நின்றாள். அலமாரியிலிருந்து ஒரு கிளாஸை எடுத்து, குழாயில் பிடித்து, ஒரு வாய் குடித்தாள். மருந்து இன்னும் முடியவில்லை. பழைய சாவி அங்கேயேதான் இருந்தது. அவள் துப்பவில்லை. விழுங்கினாள். கிளாஸில் மீதியிருந்ததை ஓரகத்தியிடம் நீட்டினாள்.

"எனக்குத் தெரியல. நீ குடிச்சுச் சொல்லு, எப்படி இருக்கு?"

ஓரகத்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் பெண்பிள்ளை வாழ்நாளில் யாரிடமாவது இப்படிக் கேட்டிருப்பாளா என்று யோசித்தவள் போல ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு வாங்கி, மெதுவாக, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"தண்ணி மாதிரி இருக்குக்கா," என்றாள். "வேற என்னத்தைச் சொல்ல?"

நாக்கம்மா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறு கையால் கிளாஸை வாங்கித் திரும்பவும் குழாயில் பிடித்தாள்.